வண்டி எடுக்கப் போனவர்

செப்டம்பர் 7, ஞாயிறு

ஊரே பேசிக்கொண்டிருக்கும் அந்தப் படத்துக்கு இன்று நாங்களும் போனோம். மேட்னி ஷோ. இவர், நான், மகள் மதிவதனி. அத்தைக்கு முழங்கால் வலி, வரவில்லை.

என்ன படம் அது! வடிவு என்று ஒருத்தி. என் வயதுதான் இருக்கும். கணவனுக்கு மளிகைக் கடை, மகன் பத்தாவது படிக்கிறான், வீட்டில் மாமியார். தூரத்தில் ஒரு கடற்கரை ஊரில் மாணவியர் விடுதிக்குக் காப்பாளராக வேலை கிடைக்கிறது. யாருக்கும் சம்மதமில்லை. போய்விடுகிறாள். அவ்வளவுதான் கதை. அவள் போன அன்று காலையில் கொடியில் காயப்போட்ட சேலையை வீட்டில் ஒருவரும் எடுக்கவில்லை. சமைக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், மழை பெய்கிறது, சேலை மட்டும் அப்படியே கிடக்கிறது. ஒரு சேலையை இத்தனை நேரம் காட்டலாம் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

பின்வரிசையிலிருந்து ஒரு ஆள் கத்தினார்: "ஏலே, அத எடுத்து மடிச்சு வையிங்கலே!" யாரும் சிரிக்கவில்லை. எனக்கு முன்னால் இருந்த பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்திலிருந்தவள், அக்காவோ தங்கையோ, "போனவளுக்கு என்ன அழுகை வேண்டிக் கெடக்கு" என்று முணுமுணுத்தாள். ஒரே பாப்கார்ன் பொட்டலத்திலிருந்துதான் இருவரும் தின்றுகொண்டிருந்தார்கள்.

கடைசியில் மாமியாருக்கு உடம்பு முடியாமல் போய், வடிவு பையோடு வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். மகன் ஓடிவந்து பையை வாங்குகிறான். திரை இருண்டது. தியேட்டர்க்காரர்கள் பக்கக் கதவுகளைத் திறந்துவிட்டார்கள், வெயில் உள்ளே வந்தது, கூட்டம் எழுந்தது. இவர் வழக்கம்போல் பத்து நிமிடம் முன்னாலேயே வண்டி எடுக்கப் போய்விட்டார். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். கூட்டம் வருவதற்குள் வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்து, கேட்டுக்கு வெளியே உறுமவிட்டபடி நிற்பார். நாங்கள் ஓடிப் போய் ஏறிக்கொள்ள வேண்டும்.

"வந்துட்டாளா?" என்று கேட்டார்.

"வந்துட்டா."

"அப்பச் சரி." வண்டியை முறுக்கினார்.

ராத்திரிக்குத் தோசை, தக்காளிச் சட்னி. மேனேஜர் நாகலிங்கம் சார் நேற்று பேங்கில் சொன்னதை வீட்டில் சொல்லவில்லை. அதிகாரிப் பதவிக்கான தேர்வில் நான் தேறிவிட்டேனாம். கோத்தகிரிக் கிளை, மலை ஊர். சேர்கிறேன் என்றோ வேண்டாம் என்றோ இருபத்திரண்டாம் தேதிக்குள் எழுதித் தர வேண்டும். வேண்டாம் என்றுதான் எழுதப்போகிறேன். பிறகு சொல்ல என்ன இருக்கிறது? மதிக்கு இது பிளஸ் டூ.

செப்டம்பர் 8, திங்கள்

பேங்கில் இன்று கூட்டம். ஓய்வூதியம் வாங்க வந்தவர்கள் வரிசையில் நின்றுகொண்டே அந்தப் படத்தைப் பேசினார்கள். சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்குள்ளும் அதே சண்டை.

மாடசாமி அண்ணன் எங்கள் கேஷியர். "நல்ல படம்மா. கடைசில குடும்பம்தான் பெருசுன்னு காட்டிட்டான்லா. நான் என் வீட்டுக்காரிய ரெண்டாந்தடவ அனுப்பி வச்சேன்" என்றார்.

எஸ்தருக்குச் சோறு இறங்கவில்லை. என் பக்கத்து கவுண்டர் அவள். "அவ வந்தது எனக்குப் புடிக்கவே இல்லண்ணே. போகணும்னு அவ்வளவு பாடு பட்டுட்டு, ஒரு காய்ச்சலுக்கு வந்து நிக்கா. இதுக்கு அவ போகாமலே இருந்திருக்கலாம்."

"பின்ன என்ன, கெழவி செத்தா சாகட்டும்னு விட்டுரணுமா?"

"நீங்க போய்ப் பாத்துக்கிட வேண்டியதுதான? உங்க அம்மைக்கு முடியலன்னா உங்க பொண்டாட்டிதான வரணும்?"

"ஏ, நீ படத்தப் பேசுதியா, என்னயப் பேசுதியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் தயிர்ச்சாதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரே இருட்டில் உட்கார்ந்து ஒரே திரையைப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு படத்தோடு வெளியே வருகிறார்கள். இது எப்படி நடக்கிறது என்று வியப்பாகவே இருக்கிறது. நான் எந்தப் படத்தோடு வந்தேன் என்று எஸ்தர் கேட்டாள். நடிப்பு நன்றாக இருந்தது என்றேன்.

நாகலிங்கம் சார் வீட்டுத் தண்ணீர் மோட்டார் ரிப்பேராம். வைண்டிங்குக்கு எங்கள் மோட்டார் கடையில், இவரிடம்தான் கொடுத்திருக்கிறாராம்.

செப்டம்பர் 10, புதன்

தெருப் பெண்கள் ஆட்டோ பிடித்து அத்தையையும் படத்துக்குக் கூட்டிப் போனார்கள். வந்ததிலிருந்து முகம் சரியில்லை. காபியைக்கூடப் பாதி வைத்துவிட்டார்.

செப்டம்பர் 11, வியாழன்

இரவுச் சாப்பாட்டில் பெரிய கூத்து. அத்தை ஆரம்பித்தார்.

"கலி முத்திப் போச்சு. புருசங்காரன் பொண்டாட்டி செருப்பக் கையால தொட்டுத் திருப்பி வெக்கான். கையால! அதப் பாத்துட்டுக் கோமுவும் மாரியும் தேம்பித் தேம்பி அழுதாளுவ. எனக்கு வந்த எரிச்சல் இருக்கே."

"எந்தச் செருப்பு ஆச்சி?" என்றாள் மதி.

"அந்தப் படத்துலதாட்டி. அவ செருப்ப."

"அப்படில்லாம் ஒண்ணும் வரல ஆச்சி. அவங்க வாசல்ல வந்து நிக்கவும் முடிஞ்சிரும். நீங்க தூங்கிக் கனாக் கண்டிருப்பீங்க."

"ஆமா, நூறு ரூவா குடுத்துப் போயி கனாக் கண்டேன். போடி!"

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "அம்மா சீரியல்ல பாத்ததச் சேத்துச் சொல்லுதா."

மதிக்குச் சிரிப்பில் புரையேற, நான்தான் தலையைத் தட்டினேன். அத்தை தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். சிரித்திருக்கக் கூடாது. அத்தைக்கு எழுபத்தொன்று ஆனாலும் பால்காரர் என்றைக்கு எத்தனை பாக்கெட் போட்டார் என்பது மறக்காது. இல்லாத செருப்பை அவர் ஏன் பார்க்க வேண்டும்?

செப்டம்பர் 12, வெள்ளி

பேங்கிலிருந்து வரும்போது போர்வை ஒன்று வாங்கினேன். தள்ளுபடியில் கிடைத்தது. வீட்டில் இருப்பவை எல்லாம் பழசு.

செப்டம்பர் 13, சனி

இரண்டாம் சனி, பேங்க் விடுமுறை. காலையில் மாவு அரைத்தேன், மதியின் சீருடைக்கு நீலம் போட்டேன், அத்தைக்குக் கஞ்சி வைத்தேன். பிறகு எஸ்தர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மேட்னிக்குத் தனியாகப் போனேன். தனியாக ஒரு படம் பார்ப்பது வாழ்க்கையில் இதுதான் முதல் முறை. டிக்கெட் கொடுத்தவர் "எத்தனம்மா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

வடிவு வாசலில் வந்து நின்றாள். திரை இருண்டது. கதவுகள் திறந்தன. எல்லோரும் எழுந்தார்கள். நான் எழவில்லை.

"யக்கா, படம் முடிஞ்சிட்டு" என்றார் கதவைத் திறந்துவிட்ட ஆள்.

"இன்னும் வெளக்குப் போடலயே."

"கூட்டம் நெரியும்னு கதவத் தொறந்தாச்சு. இன்னும் கொஞ்சம் ஓடும். சும்மா, பேச்சு வார்த்த ஒண்ணும் கெடயாது."

இருட்டிலிருந்து மெதுவாக விடியல் வந்தது. வெளியே இருந்து வந்த வெயில் திரையில் பாதியை அழித்திருந்தது. மீதிப் பாதியில் பார்த்தேன். அதே வீடு. மளிகைக் கடைக்காரன் கடை திறக்கக் கிளம்பி வாசலுக்கு வருகிறான். படியோரம் வடிவின் செருப்பு, அவள் உள்ளே வந்தபோது கழற்றியபடி வீட்டைப் பார்த்துக் கிடக்கிறது. அவன் அதைப் பார்க்கிறான். உள்ளே, கூந்தலை முடிந்துகொண்டிருக்கும் அவளைப் பார்க்கிறான். கொடியைப் பார்க்கிறான். சேலை இல்லை. அவனே எடுத்து மடித்திருப்பான் போல. பிறகு குனிகிறான். காலால் தள்ளவில்லை. இரண்டு செருப்பையும் கையால் எடுத்து, தெருவைப் பார்க்கும்படி திருப்பி, ஜோடி சேர்த்து வைக்கிறான். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுகிறான். வடிவு வெளியே வருகிறாள், செருப்பைப் பார்க்கிறாள், நிற்கிறாள். ஒரு பாதத்தை உள்ளே நுழைக்கிறாள். அதோடு முடிந்தது.

நடைவழியில் எழுந்து போய்க்கொண்டிருந்த சிலர் அப்படியே திரும்பி நின்று பார்த்தார்கள். குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒருத்தி என்னைத் தாண்டிப் போகும்போது, "இது அன்னிக்கி வரலயே" என்று தனக்குத்தானே சொன்னாள்.

அத்தைக்கு முழங்கால் வலி. சட்டென்று எழ முடியாது. அதனால்தான் பார்த்திருக்கிறார். இந்த ஊரில் யார் யாரோடு எதற்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று இன்றுதான் புரிந்தது. உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒரு படம், எழுந்துவிட்டவர்களுக்கு வேறு படம். தியேட்டர் வாசலில் ஒரு கோலி சோடா குடித்துவிட்டு வந்தேன்.

எஸ்தர் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார் இவர். நன்றாக இருக்கிறாள் என்றேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அத்தை சொன்னது உண்மை, படத்தில் இன்னொரு காட்சி இருக்கிறது, எஸ்தர் சொன்னாள் என்று வீட்டில் சொன்னேன். அத்தை அடுக்களையிலிருந்து, "கனாக் கண்டவ சொன்னா யாரு கேக்கா" என்றார்.

மதி அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, நீங்க இதுவரைக்கும் ஒரு படத்துக்காவது கடைசி பாத்திருக்கீங்களா?"

"ஏன் பாக்காம?"

"வில்லன் செத்தானா இல்லியான்னாவது தெரியுமா?"

"செத்துத்தாம்ளா இருப்பான். பின்ன என்ன, பென்சனா வாங்குவான்?"

நானும் சிரித்துவிட்டேன். ஆனால் யோசித்தால் வியப்பாக இருக்கிறது. இவ்வளவு படம் பார்த்த மனிதர், ஒன்றின் முடிவைக்கூடப் பார்த்ததில்லை. எங்களுக்கு நெரிசல் வேண்டாம் என்றுதான் ஒவ்வொரு தடவையும் எழுந்து போயிருக்கிறார். நான் அதைக் கோபமாகவே நினைத்துப் பழகியிருந்தேன்.

செருப்புக் காட்சியைச் சொன்னபோது இவர் தலையை நிமிர்த்தினார். "கையாலயா?" என்றார். ஆமாம் என்றேன். செய்தித்தாளை எடுத்துக்கொண்டார்.

மதிதான் பேசினாள். "அவங்க போனது கரெக்டும்மா. நான் அவங்க பக்கம்தான்." பிறகு புத்தகத்தைத் திருப்பிக்கொண்டே, "ஆனா அந்தப் பையன் பாவம். பத்தாவது வேற. நானா இருந்தா செருப்ப ஒளிச்சு வெச்சிருப்பேன்."

அவளுக்கு முட்டை வேகவைக்கப் போனேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

மாலையில் அத்தையின் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். நொச்சி போட்டுக் காய்ச்சிய எண்ணெய். அந்தப் படத்தை ஏன் அத்தை அப்படித் திட்டினீர்கள் என்று கேட்டேன்.

"ஏ செம்பகம், நாப்பது வயசு வரைக்கும் எனக்குச் செருப்பே கெடயாது, தெரியுமா? மாமா வாங்கித் தரமாட்டாகன்னு இல்ல. கோயிலுக்கு வெறுங்கால்லதான் போகணும், கெணத்தடிக்கு எதுக்குச் செருப்பு? வேற எங்க போனேன் நானு? யாருக்கும் தோணல. எனக்கும் தோணல."

நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

"அந்தப் பய குனியுறப்ப எனக்கு வயிறு எரிஞ்சிச்சு. அவ மேல இல்ல, யாரு மேலன்னு தெரியல. அதான் கத்துனேன்." காலை மாற்றி நீட்டினார். "நல்லா அழுத்தித் தேயி. கையில தெம்பு இல்லியா?"

இருபது வருடமாக இந்தப் பாதங்களைப் பார்க்கிறேன். குதிகாலில் வெடிப்புகள், ஆற்று மணல் காய்ந்ததுபோல். அவற்றைப் பற்றி இதுவரை ஒரு கேள்வியும் எனக்குத் தோன்றியதில்லை. ஒரு படம், அதுவும் ஊரில் பாதிப் பேர் பார்க்காத ஒரு காட்சி, இதை வெளியே கொண்டுவந்துவிட்டது.

எழும்போது சொன்னார்: "பீரோல ஒரு போர்வ வாங்கி வெச்சிருக்கியே. மெல்லிசா இருக்கு. குளிருக்கு அது காணாது."

நம் ஊரில் ஏது குளிர் அத்தை என்றேன். "ஆமா, ஏது" என்றார்.

செப்டம்பர் 18, வியாழன்

நாகலிங்கம் சார் அறைக்குப் போய், வேண்டாம் என்று எழுதித் தந்துவிடுகிறேன் என்றேன். "திங்கக்கிழம வரைக்கும் டைம் இருக்கும்மா. எல்லாரும் வேண்டாம்னு சொல்லத்தான் அவசரப்படுறாங்க" என்றார். பிறகு, எங்கள் கடையில் வைண்டிங் பிரமாதம், மோட்டார் இப்போது சத்தமே போடுவதில்லை என்றார், இவரை விசாரித்ததாகவும் சொல்லச் சொன்னார்.

நான் இதற்கெல்லாம் ஆசைப்பட்டவள் இல்லை. தேர்வு எழுதியதே எஸ்தர் வற்புறுத்தியதால்தான். காலை நாலரைக்கு எழுந்து மூன்று மாதம் படித்தபோது, நான் மாவு ஆட்ட எழுந்திருப்பதாகத்தான் வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கிரைண்டரை ஓடவிட்டுவிட்டுத்தான் படித்தேன். இட்லி மட்டும் வழக்கத்தைவிட நன்றாக வந்தது.

செப்டம்பர் 20, சனி

மீன்காரி வரவில்லை. கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. மதிக்கு வேதியியல் தேர்வில் நல்ல மதிப்பெண். வேண்டாம் என்ற கடிதத்தை எழுதினேன். கையெழுத்து அழகாக வரவில்லை. கிழித்துவிட்டேன். திங்கட்கிழமை பேங்கிலேயே எழுதிக்கொள்ளலாம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மதியம் சாப்பிட்டு முடித்ததும் இவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "கெளம்பு, அந்தப் படத்துக்குப் போவோம். நாளைக்கு எடுத்துருவானாம்" என்றார்.

"பாத்த படந்தான?"

"நான் எங்க பாத்தேன்?"

மதி வரவில்லை, டியூஷன். நாங்கள் இருவர் மட்டும் வண்டியில் போய் எத்தனை காலமாயிற்று. தியேட்டரில் பாதிகூட நிறையவில்லை. இவர் திரையைப் பார்த்த அளவுக்குக் கதவையும் பார்த்துக்கொண்டிருந்தார். கொடியில் சேலை கிடக்கும் இடத்தில் தொண்டையைச் செருமினார்.

மாமியாருக்கு உடம்பு முடியாமல் போகும் இடம் வந்தது. இவர் வழக்கமாக எழும் நேரம். சட்டைப் பையில் சாவியைத் தொட்டுப் பார்த்தார். எழவில்லை.

வடிவு வாசலில் நின்றாள். திரை இருண்டது, கதவுகள் திறந்தன, எல்லோரும் எழுந்தார்கள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"வண்டி..." என்றேன்.

"கெடக்கட்டும்."

எங்கள் முன்னால் ஆட்கள் மறைத்துக்கொண்டு போனார்கள். "கொஞ்சம் ஒத்திப் போங்க சார்" என்று இரண்டு பேரிடம் சொன்னார். கதவோரம் நின்ற ஆளைப் பார்த்து, "அண்ணாச்சி, அந்தக் கதவக் கொஞ்சம் சாத்துங்க" என்றார். இவர் இப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அந்த ஆள் என்ன நினைத்தாரோ, சாத்திவிட்டார். வெயில் போய்த் திரை முழுதாகத் தெரிந்தது. கொடியில் சேலை இல்லாததும், அந்த மனிதன் செருப்பின் மண்ணைத் தட்டிவிட்டு வைப்பதும் இன்றுதான் எனக்கும் சரியாகத் தெரிந்தன. இன்றுவரை ஊரில் யாரும் இதை முழுதாகப் பார்த்திருக்கமாட்டார்கள் என்று நினைத்தேன்.

அவன் குனிந்தபோது நான் திரையைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்தேன். அழவில்லை. பெரிய மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டுவிட்டு, எங்கே பழுது என்று பார்ப்பாரே, அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தோம். ஸ்டாண்டில் எல்லோரும் ஒரே சமயத்தில் வண்டியை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஹாரன், திட்டு, புகை. எங்கள் வண்டி நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. இவர் அவசரப்படவில்லை. சுவரோரம் நின்றோம். கடலை மிட்டாய் வாங்கித் தந்தார். ஒவ்வொன்றாக வண்டிகள் போயின. கடைசியில் அந்தப் பெரிய சிமெண்டுத் தரையில் எங்கள் வண்டி மட்டும் நின்றது. இவ்வளவு காலத்தில் அதை அப்படித் தனியாக நான் பார்த்ததேயில்லை.

அதைப் பார்த்துக்கொண்டே இவர் சொன்னார்:

"கோத்தகிரிக்கு இங்க இருந்து நேர் பஸ் இல்ல. கோயமுத்தூர்ல ஒண்ணு மாறணும், மேட்டுப்பாளையத்துல ஒண்ணு மாறணும். விசாரிச்சேன்."

எனக்கு வாயில் மிட்டாய்.

"உங்க மேனேஜரு மோட்டார் குடுக்க வந்தப்பவே கையக் குடுத்தாரு. வாழ்த்துகள்ன்னாரு. எதுக்குன்னு தெரியாம நானும் கையக் குடுத்தேன்." சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. "நீ சொல்லுவ சொல்லுவன்னு பாத்தேன். நீ படத்தையே சொல்லிக்கிட்டு இருந்த."

"மதிக்கு பிளஸ் டூ..."

"அவளுக்குக் கோவம் வரும். வரட்டும். எனக்கும் இட்லிக்குச் சட்னி அரைக்கத் தெரியாது. அம்மா என்னய வைவா." சாவியை எடுத்தார். "எனக்கு மனசுக்குச் சம்மதமான்னு கேக்காத. கேட்டா இல்லன்னுதான் வாயில வரும். கேக்காம எழுதிக் குடுத்துரு."

வண்டியை எடுத்தார். ஓட வேண்டியிருக்கவில்லை. நடந்து போய் ஏறிக்கொண்டேன்.

செப்டம்பர் 22, திங்கள்

சேர்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து நன்றாக வந்தது. எஸ்தர் கவுண்டரை விட்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாடசாமி அண்ணன், "அப்ப அந்தப் படம் எங்க எல்லாரையும் கெடுத்துட்டு" என்றார். பிறகு அவரே கேண்டீனிலிருந்து கேசரி வாங்கிவரச் சொன்னார்.

மதி, நேற்று மாலை விஷயத்தைச் சொன்னதிலிருந்து என்னோடு பேசவில்லை. காலையில் என் செருப்பைக் காணோம். கட்டிலுக்கு அடியில் தேடி எடுத்தேன். பள்ளிக்குப் போகும்போது வாசலில் நின்று, "பரீட்சைக்கு லீவு போட்டு வரணும். எல்லாப் பரீட்சைக்கும்" என்று தெருவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்தபோது அத்தை பக்கத்து வீட்டுக் கோமுவிடம் அந்தப் படத்தை இன்னமும் திட்டிக்கொண்டிருந்தார். ஊரைக் கெடுக்க வந்த படமாம், எடுத்தவனைக் கட்டிவைத்து உதைக்க வேண்டுமாம். பேசிக்கொண்டே, மாடிப்படிக் கைப்பிடிச் சுவரில் காயப்போட்டிருந்த தன் கம்பளியை மறுபக்கம் வெயில் படும்படி திருப்பிப் போட்டார்.